சம்பந்தியின் கைத்தடி

"உங்கப்பா பண்ற வேலையை இங்க வந்து பாரும்மா!"

மாடி ஜன்னலோரம் நின்று பல்லைக் கடித்தார் மாமனார். பஸ் ஓட்டி ரிட்டயரானவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் குச்சிப்பூச்சிகளுக்கு இலை வைத்துக்கொண்டிருந்த மருமகள் எழுந்து வந்தாள்.

கீழே சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் அப்பா கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் குறுக்கே கடந்தார். கேட்டைத் தொட்டதும் தடியை ஊன்றி நொண்ட ஆரம்பித்தார்.

"பாத்தியா! முழங்கால் வலி, தனியா நடக்கப் பயமா இருக்கு, கூட வாங்க சம்பந்தின்னு தினம் என்னை இழுத்துட்டுப் போறாரு. நானும் பாவம்னு போனேன். தடியை எந்தக் கையில பிடிக்கணும்னுகூட நான்தான் சொல்லிக்குடுத்தேன். என் நொண்டலை எனக்கே நடிச்சுக் காட்டி நக்கல் பண்றாரு!"

"மாமா..."

"கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஒரு நாற்காலி போடாத மனுஷன்தானே!"

"அது எத்தனை வருஷக் கதை மாமா!"

"எத்தனை வருஷமானா என்ன? நாற்காலி இன்னும் வரலியே!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்த குச்சி ஒன்று மெல்லக் கால் எடுத்து வைத்தது. மாமனார் அதைக் காட்டினார்.

"இந்தப் பூச்சியாவது உயிர் பொழைக்கக் குச்சி மாதிரி நடிக்குது. உங்கப்பாவுக்கு என்ன கேடு?"

மருமகள் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"உங்க உடைஞ்ச இடுப்பெலும்பு கூடினதும் தினம் நடக்கணும், இல்லேன்னா கால் மடங்காமலே போயிடும்னு டாக்டர் சொன்னாரு. தடியோட போனா தெருவே என்னைத்தான் பார்க்கும்னு நீங்க கதவைச் சாத்திக்கிட்டீங்க. அப்பாகிட்ட சொல்லி அழுதேன்."

"அதுக்கு?"

"மறுநாளே கடைக்குப் போய்த் தடி வாங்கிட்டு வந்துட்டாரு. 'ரெண்டு தடி சேர்ந்து போனா, தெரு எதைன்னு பார்க்கும்?'னாரு."

மாமனார் மூலையில் சாத்தியிருந்த தன் தடியைப் பார்த்தார்.

மாடி வாசலில் மூச்சு வாங்கியபடி சம்பந்தி வந்து நின்றார்.

"இன்னிக்குக் கால் ரொம்பப் படுத்துது சம்பந்தி. நீங்க கூட வந்தாத்தான் ஆச்சு."

மாமனார் தன் தடியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"படியில விழுந்துடப் போறீங்க. என் தோளைப் பிடிச்சுக்குங்க சம்பந்தி."