காரில்தான் பிழை

“பதினெட்டு லட்சமோ!”

கனகசூரியத்துக்குத் தலை சுற்றியது. கராஜின் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“கியர்பொக்ஸ் பழுதாப் போச்சு ஐயா. சிங்கப்பூரில இருந்துதான் எடுக்கவேணும்” என்றார் கராஜ்காரர் முனாப், தரையைப் பார்த்தபடி.

“சேர்விஸுக்குத்தானே காரை விட்டனான்? முதல்ல எயார் சஸ்பென்ஷன் பழுது, கார் படுத்திட்டுது எண்டீர். பிறகு ஏதோ கம்பியூட்டர் எண்டீர். இப்ப கியர்பொக்ஸோ? மாசக்கணக்காச்சு!”

“பழைய சொகுசுக் கார் அப்பிடித்தான் ஐயா. ஒண்டைத் திருத்த மற்றது இழுக்கும்.”

துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் கனகசூரியம். கைக்கு வந்த ஓய்வுக் காசில் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. வேறு யாரோ ஓட்டித் தள்ளிய ஜெர்மன் கார்தான். என்றாலும் கறுப்பில் பளபளவென்று உள்துறைமுக வீதியால் அது போகும்போது பழைய ஆட்கள் எழுந்து நின்று கையசைப்பார்கள். அந்த மரியாதைக்காகவே பின்னேரம் தவறாமல் ஒரு சுற்று ஓடுவார். கார் கராஜுக்குப் போனதிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி கமலாதேவியிடம் கொட்டித் தீர்த்தார். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை.

“வந்த விலைக்கு வித்துப்போட்டு ஓட்டோவில போய் வருவமே” என்றார் கமலாதேவி.

“உனக்கு என்ன தெரியும்? அவன் என்னை மொட்டையடிக்கப் பாக்கிறான். பிடிச்சுக் காட்டுறன் பார்.”

அந்த வெள்ளிக்கிழமை, முனாப் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, கொழும்பில் இதே மாதிரிக் கார்களைத் திருத்திப் பழகிய துவாரகனைக் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனார். காரின் மற்றத் திறப்புச் சாவி அவரிடம் இருந்தது.

துவாரகன் பிழை காட்டும் ஒரு சின்னப் பெட்டியைக் காரில் கொழுவிப் பார்த்தான். கீழே படுத்துப் பார்த்தான். ஸ்டார்ட் பண்ணி முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்தான்.

“ஐயா, கியர்பொக்ஸ் தங்கம் மாதிரி இருக்கு. எயார் சஸ்பென்ஷனிலயும் ஒரு பிழையும் இல்லை. ஆர் உங்களுக்கு இந்தக் கதை சொன்னது?”

கனகசூரியம் கராஜ் வாசலிலேயே காத்து நின்றார். எத்தனை வருசமாக நம்பி வாகனம் விட்ட ஆள்!

முனாப் பள்ளிவாசலால் வந்ததும் வராததுமாக அவரைப் பிடித்துக்கொண்டார். வீதியில் போனவர்களும் நின்றுவிட்டார்கள்.

“தொழுதிட்டு வந்து கொள்ளை அடிக்கிறியோ? இல்லாத பிழைக்குப் பதினெட்டு லட்சமோ? பொலிசில குடுக்கிறன் உன்னை!”

முனாப் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். போனை எடுத்து யாருக்கோ, “உடன வாங்க” என்று மட்டும் சொன்னார்.

கனகசூரியம் காரில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். முனாப் ஓடிப்போய் முன்னால் நின்று, இரண்டு கையையும் பொனற்றில் ஊன்றிக்கொண்டார்.

“எடுக்க விடமாட்டன் ஐயா.”

“என்ர காரை நான் எடுக்கிறதைத் தடுக்க நீ ஆரடா?”

இப்படியும் ஒரு அநியாயம் நடக்குமா என்று திகைத்துப்போனார் அவர். கூட்டத்தில் ஒருவர் வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் ஓட்டோவில் வந்து இறங்கினார் கமலாதேவி. நேரே வந்து கார்க் கதவைத் திறந்தார். கையை விட்டு இஞ்சினை நிப்பாட்டினார்.

“அவரை ஏசாதேங்கோ. காரைக் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னது நான்தான்.”

“நீயோ?”

“ஓம், நான்தான். கண் டொக்டர் என்ன சொன்னவர்? பக்கவாட்டுப் பார்வை போகுது, இனி வாகனம் ஓட ஏலாது எண்டு சொன்னவர். அந்தாளுக்குப் பைத்தியம் எண்டு சொல்லிப்போட்டு அண்டு பின்னேரமே காரை எடுத்தனீங்கள். உங்கட கண்ணில பிழை எண்டால் நீங்கள் நம்பமாட்டீங்கள். காரில பிழை எண்டால் நம்புவீங்கள். அதுதான் இந்தப் பொய். இத்தனை மாசத்தில இவர் உங்களிட்ட ஒரு சதம் முற்பணம் கேட்டவரோ?”

“எனக்கு எல்லாம் வடிவாத் தெரியுது. நான் ஆரையும் இடிச்சனானோ, சொல்லு பாப்பம்?”

கமலாதேவி காரின் இடப்பக்கத்தைக் காட்டினார்.

“இடிச்சனீங்கள். இடப்பக்கக் கீறலை ஆரோ எரிச்சலில கீறினது எண்டு அயலட்டை எல்லாரையும் திட்டினீங்களே? அது டியூசனுக்குப் போன ஒரு பிள்ளையின்ர சைக்கிள் பட்டது. கண்ணாடியை ஏத்திவிட்டால் உங்கட காருக்குள்ள வெளிச் சத்தம் கேக்குமே? பிள்ளை தெருவோரக் கானுக்குள்ள விழுந்து கால் முறிஞ்சு கிடந்தது. நீங்கள் உங்கட பாட்டுக்கு வந்திட்டீங்கள்.”

கனகசூரியம் ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுத்தார். ஒரு பிள்ளையின் காலை முறித்துவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார்!

“தகப்பன் எங்கட வீட்ட வந்தவர். பொலிசுக்குப் போற கோபத்தோடதான் வந்தவர். இந்த வயசில உங்களைப் பிடிச்சு மறியலில அடைச்சிடுவாங்கள் எண்டு அழுது கும்பிட்டனான். ‘அப்ப அவர் இனிக் காரைத் தொடக்கூடாது’ எண்டார். அது ஒண்டைத்தான் கேட்டவர்.”

கனகசூரியம் தட்டுத்தடுமாறிக் காரை விட்டு இறங்கினார்.

“ஆர் கமலா அந்தத் தகப்பன்? இப்பவே போய்க் காலில விழுறன். எங்க இருக்கிறார்?”

கமலாதேவி வாய் திறக்குமுன் முனாப் முந்திக்கொண்டார். அவருடைய கை இன்னும் பொனற்றை விட்டு எடுபடவில்லை.

“அதை விடுங்க ஐயா. மகள் இப்ப ஊண்டுகோல் இல்லாம நடக்கிறா.”