மூன்று தட்டு

பெருமாட்டி தோப்பில் மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட்டபோது ஷாக் அடித்துத்தான் சென்னியப்பன் இறந்துபோனார். இனி அம்மா அதைத் தொடவே கூடாது என்று மகள் யோகப்பிரியா ஒரு மைக்ரோகன்ட்ரோலரை ஸ்டார்ட்டரோடு இணைத்து, அதில் யுஎஸ்பி மவுஸைச் செருகி நிரல் எழுதினாள். அடுக்களையில் இருந்தபடி இடது பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும். வலதுக்கு வேலை எதுவும் இல்லை.

மோட்டார் ஓடியது. ஆனால் அமுக்கிய பொத்தானைக் காட்டும் லேப்டாப் திரையில் இடதுக்கு முன்னால் மூன்று முறை வலது பதிவாகியிருந்தது.

"வலதுல எதுக்கும்மா அமுக்குற?"

"நான் ஒருக்காத்தான் அமுக்குனேன் சாமி, இடதுல," என்றாள் கமலாத்தாள்.

யோகப்பிரியா நிரலின் லைப்ரரியை மாற்றினாள். புது மவுஸ் வாங்கினாள். அப்போதும் முதலில் மூன்று வலது வந்தது.

அம்மா திரையையே பார்த்தாள். "உங்கப்பா ஸ்டார்ட்டர் பொட்டிய மூணு தட்டு தட்டிப்போட்டுத்தான் மோட்டாரு போடுவாரு. உள்ள பல்லி இருந்தா ஓடோணுமில்ல? அன்னிக்கு மட்டுந்தான் அவசரத்துல தட்டலை."

யோகப்பிரியா மவுஸை உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

திரையில் வலது என்று வந்தது. மறுபடி வலது. மறுபடி வலது.

அடுக்களை ஜன்னலுக்கு எதிரே, தோப்பில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பல்லி இறங்கி ஓடியது.

"இப்பப் போடு சாமி," என்றாள் அம்மா.