கடைசி அத்தியாயத்துக்கு மதிப்பெண்

"பாலம் போயாச்சு. ரெண்டு கம்பெனி அக்கரையில மாட்டியாச்சு. இனி படகு வராம ஒருத்தனும் திரும்ப முடியாது," என்று போன அத்தியாயம் நின்ற இடத்தைச் சொன்னார் ஜஸ்டஸ். சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாசியுங்க டீச்சர்."

நேசபாய் டீச்சர் குடையைச் சுவரில் சார்த்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பர்மாப் போரின் வரலாறு அது. பதினெட்டாவது அத்தியாயம், அதுதான் கடைசி.

ஜஸ்டஸ் பட்டாளத்தில் அவில்தாராக இருந்தவர். அந்தப் போரில்தான் குண்டு வெடித்து இரண்டு கண்களும் போயின. சொந்த ஊரான புதுக்கடைக்குத் திரும்பி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஊர் வாசகசாலையில் ஞாயிறுதோறும் ஒருவர் புத்தகம் வாசிக்க, மற்றவர்கள் கூடியிருந்து கேட்பது வழக்கம். போன வருஷம் ஒருவர் அமாவாசை இரவில் நிலா காய்ந்ததாக வாசித்துவிட்டார். கேட்டிருந்த பழைய பட்டாளத்துக்காரர்கள் சிரித்த சிரிப்பில் கூட்டமே கலைந்துபோயிற்று.

அன்றைக்குச் செயலாளர் செல்வதாஸ் ஒரு விதி செய்தார். போர் வரலாறு எதுவானாலும் முதலில் அவில்தார் முன்னிலையில் வாசித்துத் தேற வேண்டும். வாசிப்புக்கு ஐம்பது, பொருளுக்கு ஐம்பது. ஒரு பிழை வந்தாலும் அந்த அத்தியாயத்தை மறுநாள் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

பதினேழு அத்தியாயங்கள் தேற நான்கு மாதங்கள் ஆயின. நேசபாய் டீச்சரின் குரலில் குறையில்லை. பொருளில்தான் எங்காவது சறுக்கிவிடுவார். படையின் முதுகுக்குப் பின்னால் இருந்த மலையை ஒருநாள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். இன்னொரு நாள், இறந்துபோன சுபேதார் இரண்டு பக்கம் தள்ளி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு நேத்தே செத்தாச்சே டீச்சர். பிரேதமா உத்தரவு போடுது?"

டீச்சர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தாம்தான் மாற்றி வாசித்துவிட்டதாக ஒப்புக்கொள்வார். மறுநாள் நான்கு மணிக்குக் குடையின் முனை மறுபடியும் படியில் தட்டும்.

அந்தத் தட்டலுக்காகவே ஜஸ்டஸுக்குப் பகல் நகர்ந்தது. மற்றபடி நாள் முழுவதும் அவர் காதில் விழும் ஒரே வாக்கியம், தம்பி மனைவி தட்டை வைத்துவிட்டுச் சொல்லும் "சோறு வச்சிருக்கு" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்குள் அவள் போயிருப்பாள்.

டீச்சருக்கும் தோவாளையிலிருந்து மாற்றலாகி வந்த ஊர் இது. வாடகை அறைக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று ஜஸ்டஸ் ஒருமுறை கேட்டார். "வெளக்கு கொளுத்துவேன்," என்றார் டீச்சர். அதற்குமேல் சொல்ல அவரிடம் ஒன்றுமிருக்கவில்லை.

ஜஸ்டஸ் இதுவரை பொய்யாக ஒரு மதிப்பெண்கூடக் குறைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பிழையும் காதில் விழும்போது மனம் ரகசியமாக மகிழ்ந்தது. நீதி சொல்ல உட்கார்ந்தவன் பிழைக்கு ஏங்கலாமா என்று வெட்கமும் பட்டார்.

இன்று காலையில் செல்வதாஸ் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது என்றும், அடுத்த புத்தகம் வாங்கும் எண்ணம் கமிட்டிக்கு இப்போது இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஜஸ்டஸும் ஒரு பெஞ்சின் ஓரத்தில் போய் உட்காரலாம். ஆனால் அங்கே அந்தக் குரல் நூறு பேருக்கானது.

டீச்சர் வாசித்தார். பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. ஜஸ்டஸ் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஓர் ஊர்ப்பெயரோ ஒரு தேதியோ தடுக்கவில்லை. எங்கே குற்றம் சொல்லலாம் என்று மனம் தேடத் தொடங்கியது. தேடிய மனத்துக்கு வாசிப்பு பாதிதான் எட்டியது.

"...மூன்றாம் நாள் மழை விட்டது. அக்கரையில் எஞ்சியவர்கள் காயம்பட்டோரைத் தோளில் சுமந்துகொண்டு பாலத்தைக் கடந்தார்கள். தளபதி கடைசியாக நடந்து வந்தார். இக்கரையில் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்பட்டது."

டீச்சர் நிறுத்தினார். சரியாக ஒரு மூச்சு நேரம். இறந்தவர்களின் கணக்கைச் சொல்லுமுன் எவ்வளவு நிறுத்த வேண்டுமோ அவ்வளவு.

"நாற்பத்தொரு பெயருக்குக் குரல் வரவில்லை."

புத்தகம் மூடப்படும் ஓசை கேட்டது. எத்தனை மதிப்பெண் என்று டீச்சர் கேட்கவில்லை. வாசலில் காற்று ஒரு பனையோலையை இழுத்துக்கொண்டு போயிற்று.



"ஆகல்ல டீச்சர்," என்றார் ஜஸ்டஸ். "அந்த நாப்பத்தொண்ணு சொல்லதுக்கு முன்ன ஒரு மூச்சு நிறுத்தணும். நீங்க நிறுத்தல்ல. வாசிப்புல அஞ்சு மார்க்கு போச்சு."

சொன்ன மாத்திரத்தில் முகம் சுட்டது. எட்டு ஆண்டுகளாக அவரிடம் மிஞ்சியிருந்தது நேர்மையான காது ஒன்றுதான். அதையும் இப்போது விற்றாயிற்று.

டீச்சர் எழுந்தார். நாளைக்கு நான்கு மணிக்கு வந்து முதலிலிருந்து வாசிப்பதாகச் சொன்னார். குரலில் கோபமில்லை, அதுவே ஜஸ்டஸை இன்னும் குறுக வைத்தது. குடையின் முனை ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் நின்றது.

"நான் நிறுத்தினேன், அவில்தாரே. நான் தப்பு வச்சது பாலத்திலயாக்கும்."