நடுங்கியது யார்?

ஒரு பெரிய விமானத்தில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின்கள் இருந்தன. கடலுக்கு மேலே பறக்கும்போது விமானம் திடீரென உதறத் தொடங்கியது. இடது இன்ஜின் பதறிப்போய் வலது இன்ஜினைக் கேட்டது:

"அண்ணே, உங்களுக்கும் நடுங்குதா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். உனக்குத்தான் ஏதோ கோளாறு," என்றது வலது இன்ஜின்.

"உங்க பின்னாடி புகை வருதேண்ணே?"

"அது மேகம்டா!"

இடது குழம்பிப்போனது. மேகமாகத்தான் இருக்குமோ? தன்னால்தான் உள்ளே இருக்கும் இத்தனை பேரும் கடலில் விழப்போகிறார்களோ? கேப்டன் தன்னை நிறுத்திவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தது.

கேப்டனோ கருவிகளை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு வலது இன்ஜினை நிறுத்தினார். உதறல் அடங்கியது. போகவேண்டிய ஊரை விட்டுவிட்டு, பக்கத்துத் தீவை நோக்கி விமானத்தைத் திருப்பினார். பாரமெல்லாம் தன் தலையில் விழ, இடது மூச்சுமுட்ட இழுத்துக்கொண்டு வந்து எல்லோரையும் கரைசேர்த்தது.

தரையில் மெக்கானிக் வலது இன்ஜினைத் திறந்து, ஒடிந்த விசிறி பிளேடு ஒன்றை வெளியே எடுத்தார்.

"பாத்தியா? நான் விட்டுக்கொடுத்து நின்னதாலதான் உன் நடுக்கம் நின்னுச்சு," என்றது வலது.

இடது அந்தப் பிளேடைப் பார்த்தது. வலதைப் பார்த்தது. ஒன்றும் விளங்கவில்லை.

"ரொம்ப நன்றிண்ணே," என்றது.