பூஜ்யத்தில் நின்ற முள்

"அப்ப நீ திருடன் இல்லேங்கிறே?"

"திருடன் பட்டப்பகல்ல நடுச்சந்துல மல்லாந்து படுத்திருப்பானா, செட்டியாரே? நான் மெக்கானிக்கு. ஸ்பீடு சென்சார் போச்சுன்னு போன் வந்துச்சு."

வெள்ளை வேனின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்ன ஹாஜா மைதீன், ஒரு காலத்தில் மெக்கானிக்காக இருந்தவன்தான். காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து, பட்டறையில் தொழில் கற்று, பிறகு ஸ்பானரைத் தன் சொந்த முன்னேற்றத்துக்குத் திருப்பிக்கொண்டான். நிற்கிற வண்டியின் அடியில் எது கழன்று வருகிறதோ, அது அவனுடையது. ஏற்கெனவே ஒருமுறை உள்ளே போய் வந்தாயிற்று. இன்னொருமுறை பிடிபட்டால் லேசில் வெளியே விடமாட்டார்கள்.

பென் தான் சந்தைக்கு அருகே, கோயிலை ஒட்டிய சந்து. நின்றிருந்த ஒரே வண்டி அதுதான். எதிரே நின்றவருக்கு வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, ஒரு கையில் வண்டிச் சாவி, மறு கையில் கைப்பேசி.

"போன் பண்ணினது யாரு?"

"வீட்டுலேர்ந்து ஆச்சி பேசினாங்க."

எந்தக் குடும்பஸ்தனும் அதற்குமேல் விசாரிக்கமாட்டான். அவரும் விசாரிக்கவில்லை. ஹாஜாவின் கருவிப்பெட்டியைப் பிணையாக முன்சீட்டில் வைத்துக்கொண்டு, வண்டியைச் சந்துக் கோடிவரை ஓட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஸ்பீடு முள்ளு பூஜ்யத்தை விட்டு அசையல. கியரும் ஏற மாட்டேங்குது. நான் தூ டுக் நெடுஞ்சாலையில போகணும்ப்பா. சரி பண்ணு. இல்லேன்னா போலீசைக் கூப்பிடுறேன்."

வாய்க்கு வந்த பொய் மெய்யாகிவிட்டது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற உண்மையாக உழைப்பதைவிட ஒரு திருடனுக்குக் கேவலம் உண்டா? ஹாஜா மறுபடி அடியில் புகுந்தான். சென்சாரைக் கழற்றினால், அதன் முனையில் இரும்புத்தூள் தாடி வளர்த்திருந்தது. வழித்துத் துடைத்தான். மீட்டரை வைத்துப் பார்த்ததில் வயரில் மின்சாரமும் வரவில்லை, எலி கடித்திருந்தது. ஒட்டி, டேப் சுற்றி, பிளக்கை அழுத்தி மாட்டினான். திருடுகிற நாட்களில்கூட அவனுக்கு இவ்வளவு வியர்த்ததில்லை.

அதற்குள் வேட்டிக்காரர் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்து, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். புது வண்டிக்குக்கூட இப்படி ஒரு பூசை நடந்து ஹாஜா பார்த்ததில்லை. இப்படிப்பட்ட மனிதரின் வண்டியிலா கை வைத்தோம் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வெட்கப்பட்டான்.

பெட்டி கைக்கு வந்தது. பழங்கள் நசுங்கின. வேன் நகர்ந்தது.

"முள்ளு ஏறுதுப்பா!" மகன் பரீட்சையில் தேறிவிட்டதுபோலக் கத்தினார். ஜன்னல் வழியாகப் பிரசாத வாழைப்பழம் ஒன்றை நீட்டினார். "மகராசனா இரு!"

வண்டி திருப்பத்தில் மறைந்ததும் ஹாஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விபூதி பூசியவர்களை ஏமாற்றுவதுபோல் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. பழத்தை உரித்தபடி, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கோயில் வாசலைக் கடந்தான்.

உள்ளேயிருந்து ஓர் ஆச்சி, அர்ச்சனைத் தட்டும் கையுமாகப் பதறி ஓடி வந்தார். அவன் பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மெக்கானிக்கா தம்பி? அந்த ஆத்தாளே அனுப்பி வச்சிருக்கா! பூசைக்குத் தட்டுல வச்ச என் வேன் சாவியை யாரோ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாக. வண்டி பக்கத்துச் சந்துலதான் நிக்குது, வெள்ளை வண்டி. முள்ளு வேற ஒரு வாரமா அசையல, அதைப் பொறவு பாத்துக்கலாம். இப்ப சாவி இல்லாம கதவை மட்டும் திறந்து தர்றியா, தம்பி?"