புதுக் குசினியின் வெள்ளைப் பெயின்ட்

"என்னடி மலர் இது! இந்தக் குளிருக்கை ஷெட்டுக்கை நிண்டோ சமைக்கிறாய்?"

சுலோச்சனா பிரான்சில் இருந்து கப்பலும் பஸ்ஸுமாக முதல் நாள்தான் லண்டன் வந்திருந்தாள். விடிந்ததும் தங்கையைத் தேடிப் பின்வளவுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தவமலர் குளிர்க்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, புல் வெட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளுக்கை புதுக் குசினி இருக்கெல்லோ?"

"அது... பெயின்ட் பழுதாப் போயிடுமெண்டு அவர் சொல்லுறார் அக்கா."

அந்தக் குசினியைத் தவமலரின் புருசன் யோகராஜா கோடை முழுக்கத் தன் கையாலேயே கட்டினான். சுவர் இடித்தான், ஓடு பதித்தான், பால் வெள்ளையில் பெயின்ட் அடித்தான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. கார்த்திகை மாதம் திடீரென்று பழைய அடுப்பைக் கேஸ் சிலிண்டரோடு ஷெட்டுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, "இனி உள்ளுக்கை தேத்தண்ணி மட்டுந்தான்" என்று சட்டம் போட்டான். அவர்கள் இருக்கிற வால்தம்ஸ்டோப் பக்கம் தெரிந்த சனமெல்லாம் அந்தக் குசினியை மியூசியம் என்று சொல்லிச் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்?

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்கள் திராட்சைத் தோட்டத்துக்கை இருக்கிறது ஓட்டை வீடடி. மழை பெய்தால் வாளி வைக்கவேணும். எண்டாலும் நான் குழம்பு கூட்டினால் முதலாளியின்ரை பெண்சாதி மணத்துக்கே கோப்பையோடை வந்து நிப்பா. இங்கை என்ன பெரிய வெள்ளைச் சுவர்!"

"மெல்லக் கதை அக்கா. ரமா எழும்பீட்டாள்."

ரமா சுலோச்சனாவின் மகள். இங்கிலிஷில் படிக்கட்டும் என்று போன வருடம் இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டது. வருகிற ஆனியில் அவளுக்குப் பெரிய பரீட்சை.

"கேக்கட்டுமேன். அவளையும் நான் கூட்டிக்கொண்டு போறன். பெண்சாதியைக் குளிருக்கை விட்டுட்டுச் சுவரைப் பாக்கிற மனுசன்ரை வீட்டிலை என்ரை பிள்ளை இருக்கவேண்டாம்."

"ஐயோ, சோதனை வருதக்கா!"

"அங்கையும் பள்ளிக்கூடம் இருக்கு."

சொன்னதோடு நிற்கவில்லை. தங்கை தடுக்கத் தடுக்க, தாச்சியையும் மீனையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். புது அடுப்பை மூட்டி, மிச்ச மீனையெல்லாம் போட்டுப் பொரித்தாள். குளிருக்கு ஜன்னலெல்லாம் பூட்டிக் கிடந்தது. புகை குசினியை நிரப்பி, வாசல்வரை போய், மாடிப்படியிலும் ஏறியது.

அந்த நேரம் பார்த்து முன்கதவு திறந்தது. ஷிப்ட் முடிந்து யோகராஜா.

"வாரும் தம்பி!" சுலோச்சனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இண்டைக்கு உம்மடை மியூசியத்திலைதான் சமையல். சுவரிலை எண்ணெயும் தெறிச்சிருக்கு, வந்து பாரும்."

யோகராஜா குசினிப் பக்கம் திரும்பவே இல்லை. கதவடியில் கொழுவியிருந்த கோட்டுகளில் ஒன்றைப் பறித்தெடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். அதை உதறி உதறித் தன் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் திரும்பி வந்தான்.

அது ரமாவின் கோட்டு.

"என்ன தம்பி, சுவரைப் பாக்கேல்லையோ?"

"சுவரை விடுங்கோ மச்சாள்." அவன் மாடிப்படியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கார்த்திகையிலை ஒருநாள் பிள்ளையை பஸ் ஸ்டொப்பிலை கண்டனான். மழை. வெறும் கார்டிகனோடை நடுங்கிக்கொண்டு நிக்குது. கோட்டைப் பொலித்தீன் பையுக்கை சுத்திக் கையிலை வைச்சிருக்கு. ஏனம்மா எண்டு கேட்டால், பையை முதுகுக்குப் பின்னாலை ஒளிக்குது. கோட்டை வாங்கி மணந்து பாத்தன்..."

தவமலர்தான் முடித்தாள்.

"முழுக்க எங்கடை மீன் மணம் அக்கா. பள்ளிக்கூடத்திலை ஆரோ மூக்கைப் பொத்தியிருக்குதுகள். அண்டைக்குத்தான் அடுப்பு வெளியிலை போனது. தன்னாலைதான் நான் குளிருக்கை நிக்கிறன் எண்டு தெரிஞ்சால், அவள் இங்கை ஒருநாள் இருக்கமாட்டாள். அதுதான் இவர் பெயின்ட், பெயின்ட் எண்டு..."

மேலே குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் தலையோடு ரமா படியிறங்கி வந்தாள்.

"என்ன சின்னம்மா, ஒரே புகையாக் கிடக்கு?"

யோகராஜா வீடு அதிரக் கத்தினான்.

"என்ரை புதுப் பெயின்ட் போச்சு! ஆரைக் கேட்டு உள்ளுக்கை பொரிச்சனீங்கள் மச்சாள்?"

சுலோச்சனா அடுப்பை நிறுத்தினாள். கண் கலங்கியதற்குப் புகை காரணமாக இருந்தது வசதியாகப் போயிற்று.

ரமா தாயின் காதுக்குள் குனிந்தாள். "பாத்தீங்களே அம்மா? சித்தப்பா சரியான கஞ்சன். சின்னம்மா பாவம்."

சுலோச்சனா தங்கையின் கம்பளித் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் போட்டுக்கொண்டு, தாச்சியைத் தூக்கினாள்.

"ஓம் பிள்ளை, பொல்லாத கஞ்சன்தான்," என்றாள். "நீ இந்த வீட்டிலையே இருந்து படி."