மாமி கொண்டுவந்த கேத்தில்

மடத்துவெளியில் மத்தியான வெயில் யன்னலால் இறங்கி, கனடாவிலிருந்து பிரியவதனியைப் பெண் பார்க்க வந்திருக்கும் சறோஜினிதேவி மாமி பரிசளித்த மின்சாரக் கேத்திலின்மேல் சோம்பலாய்ப் படுத்திருக்கிறது. "அதிலயே தேத்தண்ணி போடும் பிள்ளை," என்கிறார் மாமி. பிரியவதனி அடியைத் திருப்பிப் பார்க்கிறாள்: நூற்றிருபது வோல்ற்று, பத்து அம்பியர். உள்ளங்கையில் விரலால் வகுக்கிறாள். தடை பன்னிரண்டு ஓம், வலு ஆயிரத்து இருநூறு வாற்று. இந்த வீட்டு இருநூற்று முப்பது வோல்ற்றில் பத்தொன்பது அம்பியர் பாயும். வலு நாலாயிரத்து நானூறாக ஏறிக் கேத்தில் எரிந்துபோகும். வாய் திறந்து சொன்னாலோ மாமியின் முகம் கறுக்கும். கலியாணப் பேச்சு இன்னும் முடிவாகவில்லை என்பது ஊருக்கே தெரியும். கடற்காற்றில் திரைச்சீலை மெல்ல மூச்சுவிடுகிறது.

"நல்ல வடிவாயிருக்கு மாமி. கண்ணாடி அலுமாரிக்குள்ள வைப்பம், நாலு சனம் பாக்கட்டும்."

மாமி பூரித்துப்போகிறார். "ஓம், அது அங்க இருக்கட்டும். பாவிக்க எண்டு இதே மாதிரி இன்னொண்டும் கொண்டந்தனான்," என்று பெட்டியைத் திறக்கிறார்.